பற்றவைப்பதற்கு முன்னால்

என் சின்ன வயதில் அம்மாவின் மடியில் எப்போதும் ஒரு சொளகு, அதாவது முறம், இருக்கும். ஒரு பக்கம் ஈரத்துணியில் சுற்றிவைத்த பீடி இலை, நடுவில் புகையிலைத் தூள், ஓரத்தில் நூல்கண்டு. முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் எந்த வீட்டுத் திண்ணைக்குப் போனாலும் இதே காட்சிதான். பேசிக்கொண்டே இருப்பார்கள், கை தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லை என்று சிலதைக் கழித்துப் போடுவார்கள். அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசமாட்டாள்.

அந்தக் கூலியிலும், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகையிலும்தான் நான் படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூட வாயில் வைத்ததில்லை. பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவள். ஆனால் புகைபிடிக்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிற வீட்டில் நான் பிறக்கவில்லை.

அப்பா கொத்தனார். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, சாப்பிட்டபின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வரிசையாக மூன்று நான்கு பீடி பிடிப்பார். எங்கள் வீடு ஒரே அறை. மழைக்காலத்தில் கதவைச் சாத்திவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் புகை அப்படியே மிதந்துகொண்டிருப்பது தெரியும். தம்பியும் நானும் அதை வாயால் ஊதிக் கலைத்து விளையாடியிருக்கிறோம். யாருக்கும் அது தப்பு என்று தோன்றியதே இல்லை. அப்பா வாசனை என்றால் எனக்கு இன்றைக்கும் சுண்ணாம்பும் பீடியும் கலந்த வாசனைதான்.

பஸ்ஸிலும் இதே கதைதான். ‘புகை பிடிக்காதீர்’ என்று ஓட்டுநர் தலைக்கு மேலே எழுதியிருக்கும். அதற்குக் கீழேயே ஓட்டுநர் பீடியைப் பற்றவைப்பார். ஜன்னல் ஓரம் இடம் கிடைக்காத பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வோம். கேட்கலாம் என்ற எண்ணமே எங்களுக்குக் கிடையாது.

அந்த எண்ணம் வந்தது 1999 கடைசியில். சொந்தக்காரர் கல்யாணத்துக்காகத் தென்காசியிலிருந்து புனலூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர் செங்கோட்டையிலிருந்தே ஓயாமல் பிடித்துக்கொண்டு வந்தார். மலை ஏறி ஆரியங்காவு வந்ததும் பக்கத்திலிருந்த இன்னொருவர், “அண்ணாச்சி, அணைச்சிருங்க. இனி கேரளா” என்றார். அவரும் மறுபேச்சு இல்லாமல் அணைத்துத் துண்டுப் பீடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த வருஷம் ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. எனக்கு அது பிறகுதான் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. அதே ஆள், அதே பஸ், அதே பீடி. எல்லை தாண்டியதும் அவரால் நிறுத்த முடிந்தது. அப்படியென்றால் அதுவரைக்கும் நிறுத்தாதது முடியாததால் இல்லை, யாரும் சொல்லாததால்.

அப்புறம் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2001 நவம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரி, கல்வி நிலையம், அரசு அலுவலகம், நீதிமன்றம், நூலகம், பஸ், ரயில் போன்ற இடங்களில் நாடு முழுக்கத் தடை விதித்தது. 2003இல் புகையிலைப் பொருட்கள் சட்டம். அதன் 4ஆவது பிரிவுதான் பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுப்பது. அபராதம் 200 ரூபாய் வரை. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, தனியார் அலுவலகம், ஓட்டல், சினிமா தியேட்டர், கடை வளாகம் எல்லாவற்றையும் சேர்த்து புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அப்போது நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எங்கள் மேலாளர் மேசையிலிருந்த கண்ணாடிச் சாம்பல் கிண்ணத்தைக் காணவில்லை. அவ்வளவு சந்தோஷப்பட்டேன். இரண்டு வாரத்தில் அது மாடிப்படி திருப்பத்துக்குப் போய்விட்டது. அங்கே நின்று பிடிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் புகை படிவழியாக நேராக எங்கள் பிரிவுக்கு ஏறிவரும்.

மாடிப்படி விவகாரத்தில் நான் செய்த தவறு, பிடிக்கிற ஒவ்வொருவரிடமும் போய்ச் சண்டை போட்டது. மூன்று மாதத்தில் எனக்கு ‘புகை போலீஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னைக் கண்டாலே பேச்சை நிறுத்துவார்கள். புகை மட்டும் நிற்கவில்லை. அதன்பிறகுதான் விதிகளை வாங்கி வரிவரியாகப் படித்தேன். அதில் எனக்கு உதவியது ஒரே ஒரு விஷயம். பொது இடத்துக்குப் பொறுப்பாளர் யாரோ, உரிமையாளரோ மேலாளரோ, தன் இடத்தில் யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்வது அவருடைய கடமை. சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் அங்கே வைக்கக்கூடாது. 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். புகார் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். பொறுப்பாளர் தவறினால் அவருக்கும் அபராதம் உண்டு.

நான் இதை ஒரு தாளில் எழுதி, யார் மேலும் குற்றம் சொல்லாமல், ‘நம் அலுவலகத்துக்கு அபராதம் வராமல் இருக்க’ என்று தலைப்புப் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தேன். பத்து நாளில் கிண்ணம் போய்விட்டது. காம்பவுண்டுச் சுவர் ஓரம், வாதாமரத்தடியில் இரண்டு பெஞ்சு போட்டார்கள். புகைபிடிக்கிறவர்களுக்கும் அதில் நிம்மதிதான். படிக்கட்டில் ஒளிந்து நின்று பிடிக்க யாருக்குத்தான் ஆசை? என்னிடம் பேசாமலிருந்த ஒருவர், பெஞ்சு வந்தபிறகு அவராகவே வந்து பேசினார்.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் எதனால் என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. ஊரில் எல்லாப் பீடிக்காரப் பெண்களுக்கும் இருக்கிற இருமல் என்று விட்டுவிட்டோம். நெஞ்சு இழுக்க ஆரம்பித்தபின் சென்னைக்கு அழைத்துவந்து நுரையீரல் மருத்துவரிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அம்மா, நீங்க புகை பிடிப்பீங்களா?” அம்மா சிரித்துவிட்டாள். “சுத்துவேன் டாக்டர், பிடிக்கமாட்டேன்” என்றாள். வீட்டுக்காரர் பிடிப்பாரா, வீட்டுக்குள்ளேயா, எத்தனை வருஷம் என்று அவர் கேட்கக் கேட்க அம்மாவின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. தூள் பாதி, அப்பாவின் புகை பாதி, விறகடுப்பும் சேர்ந்திருக்கும், எது எவ்வளவு என்று இனிமேல் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர்.

அன்றைக்கு இரவு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அப்பாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம்.”

நான் சொல்லவில்லை. 2011இல் அப்பா நுரையீரல் அடைப்பு நோயில்தான் போய்ச் சேர்ந்தார்.

பிறகு இதைப்பற்றித் தேடிப் படிக்கும்போது ஜப்பானில் டகேஷி ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர் 1981இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. புகைபிடிக்காத 91,540 மனைவிமார்களைப் பல வருஷம் கவனித்திருக்கிறார். கணவர் அதிகம் புகைபிடித்த வீட்டுப் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஒற்றை அறை வீடுதான் ஞாபகம் வந்தது. அந்த ஆய்வு வந்த வருஷம் எனக்கு ஐந்து வயது. நான் புகையை ஊதி விளையாடிக்கொண்டிருந்த காலம்.

புகைபிடிக்கிறவர் உள்ளே இழுத்து வெளியே விடுவதைவிட, விரலிடுக்கில் எரிந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து வரும் புகைதான் பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம் போய்ச்சேர்கிறது. அது எந்த வடிகட்டி வழியாகவும் வருவதில்லை. புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன, அதில் எழுபது அளவுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. ஜன்னலைத் திறப்பதும் ஃபேனைப் போடுவதும் நாற்றத்தைக் குறைக்கும், ஆபத்தைப் போக்காது. இந்த அளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது. 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள். வீட்டுக்குள் எந்தச் சட்டமும் வராது.

அதைத்தான் அடுத்து அனுபவித்தேன். 2013இல் நாங்கள் வாடகைக்குப் போன அடுக்குமாடிக் குடியிருப்பில், எங்களுக்கு நேர் கீழ் வீட்டுப் பால்கனியில் ஒருவர் இரவு பத்து மணிக்குமேல் சிகரெட் பிடிப்பார். என் மகனுக்கு அப்போது ஏழு வயது. பனிக்காலத்தில் வீசிங் வரும். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் புகை. சங்கச் செயலாளரிடம் போனேன். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா என்றால் நாங்கள் சொல்லலாம், அவர் வீட்டுப் பால்கனியில் நாங்கள் என்ன சொல்ல முடியும் என்று கையை விரித்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

நான் ஒருநாள் கோபத்தில் பால்கனியிலிருந்து குனிந்து, “சார், மேலே குழந்தை இருக்கு” என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து லிஃப்டில் என்னைக் கண்டால் போனைப் பார்த்துக்கொள்வார். புகை மட்டும் பத்து மணிக்கு வழக்கம்போல வந்தது.

பிறகு என் கணவர்தான் யோசனை சொன்னார். கீழ் வீட்டுக்காரர் கையில் சிகரெட் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசு என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, மகனையும் அழைத்துக்கொண்டு கீழே போனேன். “சார், அன்னைக்கு நான் கத்தினது தப்பு. இவனுக்கு மூச்சிழுப்பு இருக்கு. நீங்க நிறுத்தணும்னு கேட்க வரல. எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சா அந்த நேரம் ஜன்னலைச் சாத்திக்கிறோம், இல்லைன்னா நீங்க மொட்டை மாடியில போய் பிடிக்க முடியுமா?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பையனையே பார்த்தார். அவருக்கும் சின்ன வயதில் மூச்சிழுப்பு இருந்ததாம். அன்றைக்கு இரவிலிருந்து மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். மழை பெய்தால் மட்டும் பால்கனியில்தான். அப்போது வாட்ஸ்அப்பில் “மேடம், பத்து நிமிஷம் ஜன்னல்” என்று செய்தி வரும். ஐந்தாறு வருஷம் கழித்து அவர் விட்டேவிட்டார். பாக்கெட் மேலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டுத்தான் தொடங்கினேன் என்றார். நடுவில் இரண்டு முறை மறுபடி ஆரம்பித்து, மூன்றாவது முறை விட்டார்.

இத்தனை வருஷத்தில் கேட்பதைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது, பற்றவைப்பதற்கு முன்னால் கேட்பது. பாக்கெட்டை வெளியே எடுக்கும்போது, தீப்பெட்டியைத் தட்டும்போது, அந்தச் சில நொடிதான் நல்ல நேரம். “அண்ணே, இங்க வேண்டாமே, கொஞ்சம் வெளியே போய்ப் பிடிங்க” என்றால் பத்தில் எட்டுப் பேர் எடுத்ததைத் திரும்பப் பையில் வைப்பார்கள். இது என் அனுபவக் கணக்கு. பற்றவைத்தபிறகு கேட்டால், காசு கொடுத்து வாங்கியதைக் கீழே போடச் சொல்கிறோம். மனசு வராது, வம்புதான் வரும். பற்றவைத்துவிட்டார் என்றால் “அணையுங்கள்” என்று சொல்வதைவிட “கொஞ்சம் அந்தப் பக்கம் நின்னுக்கோங்க” என்று இடத்தைக் காட்டுவது நல்லது.

ஊரில் அண்ணாச்சி, சென்னையில் அண்ணே, சார். எதுவானாலும் ஒரு அழைப்பு முன்னால் இருக்கட்டும். சட்டத்தை முதல் வாக்கியத்தில் எடுக்காதீர்கள். ‘செக்ஷன் நாலு’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். அதுவும் பக்கத்தில் நண்பர்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம். தனியாக, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ரொம்ப நாள் நான் குழந்தையைக் காரணம் காட்டித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. மகன் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டான். எனக்கு ஒரு நோயாளியைக் காட்டித்தான் நல்ல காற்றைக் கேட்க வேண்டும் என்றில்லை. “எனக்குப் புகை ஆகாது” என்பதே போதுமான காரணம்.

குடித்திருப்பவரிடமும், ராத்திரியில் ஆளில்லாத இடத்திலும் கேட்கவே மாட்டேன். பெண்கள் இதில் வீரம் காட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். நகர்ந்துவிடுங்கள். ரயிலில் கழிவறைப் பக்கம் புகை வந்தால் நானே போய்க் கதவைத் தட்டுவதில்லை, 139க்குப் பேசி ரயில் எண்ணையும் பெட்டி எண்ணையும் சொல்லிவிடுவேன். பஸ் ஸ்டாண்டு திறந்தவெளிதானே என்று பலர் நினைக்கிறார்கள். 2008 விதிகளின்படி பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் எல்லாம் தடைக்குள்தான் வருகின்றன. அங்கே நேரக் காப்பாளர் அறையில் போய்ச் சொன்னால் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்வார்கள். பல முறை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

டீக்கடைதான் இன்னும் எனக்குப் பிடிபடாத இடம். கடைக்குள் என்றால் கடைக்காரரிடம் பேசலாம். வாசலில், தெருவோரம் நிற்பவர்களிடம் சட்டம் பேசுவது கடினம். பெட்டிக்கடைத் தூணில் நுனியில் கனன்றுகொண்டு ஒரு கயிறு தொங்கும், அதில் பற்றவைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார்கள். ஒற்றைச் சிகரெட்டாக விற்பதுதான் இதில் பெரிய கேடு என்பது என் கருத்து. பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும் போட வைத்தார்கள், 2016இலிருந்து அது இருக்கிறது. ஒற்றையாக வாங்குகிற பையன் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. பள்ளிக்கு 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது, 18 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது என்று இருக்கிறது. என் மகன் படித்த பள்ளிக்கு எதிரிலேயே ஒரு கடை விற்றது. நாங்கள் ஏழெட்டுப் பெற்றோர் சேர்ந்து கடைக்காரரிடம் பேசினோம். பேனா, நோட்டு, ஜூஸ் வியாபாரத்தை நாங்கள் உங்களிடமே செய்கிறோம், இதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றோம். ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு எடுத்தார். இன்றும் எடுத்தபடியே இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு, அப்படியானால் விற்பனையையே தடை செய்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூட்டான் 2004இல் அதைச் செய்து பார்த்தது. எல்லை வழியாகக் கள்ளத்தனமாக வந்துகொண்டேதான் இருந்தது, 2021இல் விற்பனைத் தடையை எடுத்துவிட்டார்கள். அப்பா போன்ற ஒருவரைக் குற்றவாளியாக்கி எதுவும் நடக்கப்போவதில்லை. அவரை அன்றைக்கே யாராவது “வெளியே திண்ணையில போய்ப் பிடிங்க” என்று சொல்லியிருந்தால் போதும். அம்மாவின் நெஞ்சு இந்த அளவுக்குப் போயிருக்காது. இடத்தை வைத்துத் தடை, அதைக் கண்டிப்பாக நடத்துவது, நிறுத்த நினைப்பவருக்கு உதவி. இதுதான் நான் கேட்பது. கூடவே, பீடி சுற்றுகிற பெண்களுக்கு வேறு பிழைப்பைக் காட்டிவிட்டுத்தான் அந்தத் தொழிலைப் பற்றி யாரும் பேச வேண்டும். சொளகைக் கீழே வை என்று சொல்வது சுலபம். அந்தச் சொளகில்தான் என் கல்லூரிக் கட்டணம் இருந்தது.

வீட்டு விசேஷங்களில் இப்போது நாங்கள் ஒரு ஏற்பாடு செய்கிறோம். பந்தலுக்கு வெளியே, காற்று போகிற பக்கமாக, நாலு நாற்காலியும் மணல் போட்ட ஒரு பழைய வாளியும் வைத்துவிடுவோம். மாமா, சித்தப்பா யாரையும் தடுக்கத் தேவையே வராது, அவர்களாகவே அங்கே போய்விடுகிறார்கள். புகைபிடித்துவிட்டு வந்த கையோடு பச்சைக்குழந்தையைத் தூக்க வேண்டாம், கை கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு தூக்குங்கள் என்று தம்பி மகள் பிறந்தபோது அம்மாவே சொன்னாள். அவள் வாயிலிருந்து அது வந்ததும் வீடே ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. அதுவரைக்கும் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டதே இல்லை.

போன வருஷம் நான் இப்போது வேலை செய்யும் அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. தரைத்தளத்தில் எச்சரிக்கைப் பலகையை மாட்டினார்கள். ‘புகார் செய்ய வேண்டியவர்’ என்ற இடம் காலியாக இருந்தது. யார் பெயரைப் போடுவது என்று நிர்வாகப் பிரிவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெயரையே எழுதச் சொன்னேன். பலகையைப் போட்டோ எடுத்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி என் பெயரை இரண்டு முறை வாசித்தாள்.